ராஜாக்கமங்கலம் உப்புக்காற்றில் ஒரு மிக்-21: டைப் 77 விமானியறையோடு ஐந்து ஆண்டுகள்

மிக்-21 போர் விமானம் ஒன்றின் அசல் விமானியறையை வீட்டுப் பின்புறம் வைத்து, கணினியோடு இணைத்து, தரையிலேயே பறக்கும் சிமுலேட்டராக மாற்றியிருக்கிறேன். 2021 பொங்கலுக்கு மறுநாள் முதன்முறையாக அதற்கு மின்சாரம் கொடுத்தேன். அன்று தொடங்கி, பறந்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். 1,140 மணி நேரம் ஆகியிருக்கிறது. இதே போல் ஒன்றைச் செய்ய ஆசைப்படுபவர்கள் மாதத்துக்கு இருவராவது போனில் விசாரிக்கிறார்கள். எல்லோரும் கேட்பது எப்படிக் கட்டினாய் என்றுதான். கட்டி முடித்த பின் அதை எப்படி வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பணமும் நேரமும் போனது பெரும்பாலும் அதில்தான் என்பதால் அதை எழுதுகிறேன்.

நான் விமானி அல்ல. 1986 முதல் 2006 வரை விமானப்படையில் ஏர்பிரேம் பிட்டராக, அதாவது விமான உடலைப் பராமரிப்பவனாக இருந்தேன். ஏணியை மாட்டி, விமானியை உட்காரவைத்துப் பட்டைகளை இறுக்கி, ஆபத்தில் விமானியை வெளியே எறியும் வெளியேற்று இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை உருவி அவர் கண்ணெதிரே எண்ணிக் காட்டிவிட்டு இறங்க வேண்டும். இருபது ஆண்டுகள் அந்த அறையை இடது பக்கத்து ஏணியிலிருந்து குனிந்துதான் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்து நேரே பார்த்தால் ஓடுதளம் எப்படித் தெரியும் என்ற கேள்வி ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

மிக்-21 எப்எல் ரகத்தை நாங்கள் டைப் 77 என்போம். 2013 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா விமானப்படைத் தளத்தில் அதற்கு விடை கொடுத்தார்கள். 2019 இல் வடக்கே ஒரு பழைய உலோக வணிகரிடம் ஒன்றின் முன்பகுதி கிடப்பதாக, உடன் பணியாற்றிய நண்பர் தகவல் சொன்னார். மூக்கு வளையத்திலிருந்து விமானியறையின் பின்சுவர் வரைதான் இருந்தது. இறக்கை, எஞ்சின், வால் எதுவும் இல்லை. ஏலத்தில் எடுத்த ஆவணங்கள் சரியாக இருந்தன. விலை 2 லட்சத்து 60 ஆயிரம், லாரி வாடகை 85 ஆயிரம். இருக்கையிலும் கேனோபி எனப்படும் விமானியறையின் கண்ணாடி மூடியிலும் வெடிமருந்துக் குப்பிகள் எதுவும் மிச்சமில்லை என்பதை நானே ஒவ்வொரு இடமாகக் கைவைத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். அந்தக் குப்பிகளுக்குப் பழையது புதியது என்ற வித்தியாசம் கிடையாது, எத்தனை ஆண்டானாலும் வெடிக்கலாம். இந்த ஒன்றில் விற்பவரின் வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். இருக்கை வேலை தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று தார்ப்பாயைக் கிழித்துவிட்டது. மற்றபடி பத்திரமாக வந்து சேர்ந்தது. உடலின் விட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர்தான். தென்னந்தோப்பு வழியாக எங்கள் வீட்டுப் பின்புறம் வரை தள்ளிக்கொண்டு போக அது போதுமானதாக இருந்தது.

மிக்-21 இன் மூக்கில் இருக்கும் வாய் வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்று போகிறது. அந்தக் காற்றுப் பாதை விமானியறையின் முன்னால் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடிப் பின்னால் மீண்டும் சேர்கிறது. வெளியிலிருந்து பருமனாகத் தெரியும் உடலுக்குள் விமானிக்குக் கிடைப்பது நடுவிலுள்ள குறுகிய இடம் மட்டுமே. இந்த அமைப்பு எனக்கு வரமாக அமைந்தது. வலப்பக்கப் பாதையில் மின்கம்பிகள் அனைத்தையும் விட்டேன். இடப்பக்கப் பாதையில் ஒன்றரை டன் ஏசியின் குளிர்காற்றைச் சிறிய ஊதுகாற்றாடி மூலம் செலுத்தி, காலடியில் வெளிவரச் செய்தேன். ஏப்ரல் மாத மதியத்தில் தகரக் கொட்டகைக்குள், மூடிய கேனோபியின் கீழ் பதினைந்து நிமிடம் உட்கார முடியாது. இப்போது ஒரு மணி நேரம் தாராளமாக இருக்கலாம். டைப் 77 இன் கேனோபி முன்பக்கம் கீல் வைத்து மேலே எழும்பித் திறக்கும். கொட்டகையின் உயரத்தை அதற்கேற்ப முதலிலேயே திட்டமிட வேண்டும். நான் கூரையை ஒரு முறை பிரித்து உயர்த்தினேன்.

இனி உப்பு. கடல் எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பியை விரலால் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். விமானத்தின் தோல் டூராலுமின். செம்பு கலந்த அலுமினியம். வலிமை மிக்கது. ஆனால் உப்பும் ஈரமும் பட்டால் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைச் சுற்றி வெள்ளை மாவு படியத் தொடங்கும். அதைத் துடைத்துவிட்டுப் போய்விடலாம் என்று முதல் ஆண்டு நினைத்தேன். அடியில் உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அதைவிடக் கெடுதல் நான் அவசரத்தில் போட்ட எஃகுத் திருகுகள். அலுமினியத்தில் எஃகு நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம் போலாகிவிடும். அரிக்கப்படுவது அலுமினியம்தான். இருபது ஆண்டுகள் இந்தப் பாடத்தோடு வேலை செய்தவன் வீட்டு வேலையில் அதை மீறினேன் என்பது இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு திருகையும் கழற்றி, நைலான் வாஷர் வைத்து, பூச்சுப் போட்டுத் திரும்ப மாட்ட நான்கு மாதம் ஆயிற்று.

இப்போது வழக்கம் இதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைக்கிறேன். குளச்சலில் கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் யாரும் வைக்க மாட்டார்கள். அதே கணக்குதான். காய்ந்ததும் ஈரத்தை விரட்டும் எண்ணெயை மூட்டுகளில் மெல்லியதாகத் தெளிக்கிறேன். கொட்டகையில் ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவு முழுவதும் ஓடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் அதன் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீர் இருக்கும். உள்ளே தெரியும் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அது குரோமேட் கலந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கேனோபிக் கண்ணாடியை ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைத்தால் மயிர்க்கோடுகள் விழும். சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்.

2017 ஒக்கிப் புயலில் எங்கள் தோப்பில் பதினொரு தென்னைகள் சாய்ந்தன. ஆகவே கொட்டகையின் தூண்களைத் தொடக்கத்திலேயே கான்கிரீட்டில் ஊன்றினேன். விமானத்தையும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத் தாங்கியில் வைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் கொட்டகைக்குள் முழங்காலுக்குக் கீழ் வரை தண்ணீர் நின்றது. தாங்கியின் கால்கள் நனைந்தன, அவ்வளவுதான்.

இடி மின்னல் வேறு வகை. 2022 மே மாதம், மாலை நேர இடியில் மூன்று கட்டுப்பாட்டு அட்டைகளும் ஒரு கணினியும் போயின. அதன் பிறகு விமான உடலுக்கென்றே தனியாகக் கரியும் உப்பும் இட்ட எர்த் குழி தோண்டினேன். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரும் வைத்தேன். உலோக உடலுக்குள் வெறுங்காலோடு உட்காருகிறோம் என்பதை மறக்கக் கூடாது. எர்த் இல்லாத வீட்டில் கணினியின் பவர் சப்ளையிலிருந்து வரும் சிறு கசிவே கைகளில் சுருக்கென்று தைக்கும். மேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

விமானத்தை ஓட்டும் கைப்பிடியான ஸ்டிக்கின் அசைவை உணர முதலில் பொட்டென்ஷியோமீட்டர்கள் வைத்தேன். உள்ளே உரசி நகரும் பாகம் கொண்டவை அவை. ஒன்பது மாதத்தில் உப்பு உள்ளே புகுந்து, நேராகப் பிடித்திருக்கும்போதே விமானம் இடதுபக்கம் துள்ளியது. காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார்களுக்கு மாறினேன். உரசும் பாகம் எதுவும் இல்லாததால் மூன்றரை ஆண்டுகளாக அவற்றைத் தொடவில்லை. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் முதல் நாளே இவற்றை வாங்கிவிடுங்கள். ஸ்டிக்கின் எதிர்விசைக்கு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குகள் போட்டேன். கோட்டாறில் ஒரு லேத் பட்டறையில் அவற்றுக்கான கிண்ணங்களைக் கடைந்து தந்தார்கள்.

மிக்-21 இல் பிரேக் காலில் இல்லை. ஸ்டிக்கில், சைக்கிள் பிரேக் போன்ற நெம்பில் இருக்கிறது. அதை அழுத்தினால் காற்றழுத்தம் சக்கரங்களுக்குப் போகும். எந்தப் பக்கம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்பதைச் சுக்கான் மிதிகள் தீர்மானிக்கும். மேசைக் கணினியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்த இளைஞர்கள் இங்கே வந்து, தரையிறங்கியவுடன் இரு கால்களையும் அழுத்தி, நிற்காமல் ஓடுதளத்தைத் தாண்டிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறாவது, ஏழாவது முறையில் கை தானாக நெம்பைத் தேடும். அசல் உடல் தரும் பயன் இதுதான் என்பது என் முடிவு. படத்தின் தெளிவு எந்தத் திரையிலும் கிடைக்கும். தோளை இவ்வளவுதான் திருப்பலாம், இந்த ஸ்விட்சுக்கு முழங்கையை மடக்கித்தான் போக வேண்டும் என்று உடம்புக்குச் சொல்லித்தர இந்த உலோகம் வேண்டும்.

மானிகளில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து முட்களும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இட்டவையாக இருக்கலாம். மணவாளக்குறிச்சி மணலருகே வளர்ந்த எங்களுக்குக் கதிர்வீச்சு என்ற சொல் புதிதல்ல. அளவுக்கருவி வைத்துப் பார்த்தபோது ஐந்து மானிகள் காட்டிக்கொடுத்தன. கண்ணாடி மூடியிருக்கும் வரை ஆபத்து குறைவு. திறந்து பூச்சு உதிர்ந்து மூச்சில் போனால்தான் பெருங்கேடு. அவற்றைத் திறக்காமலே கழற்றி, முறைப்படி ஒப்படைத்துவிட்டேன். அவற்றின் இடத்தில் அச்சிட்ட முகப்புகளும், கார் மானிகளில் வரும் சிறிய ஸ்டெப்பர் மோட்டார்களும் இருக்கின்றன. அந்த மோட்டார் 315 பாகைதான் சுற்றும். உயரமானியின் முள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் வேறு மோட்டார் தேவைப்பட்டது. வேகம் கிலோமீட்டரிலும் உயரம் மீட்டரிலும் காட்டுவதை அப்படியே வைத்திருக்கிறேன்.

மானிப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. விமானம் கட்டுப்பாடிழந்து சுழலும்போது ஸ்டிக்கை நடுநிலைக்குக் கொண்டுவர அந்தக் கோடே அடையாளம். அதற்கு நான் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. யாரோ ஒருவர் துணியால் துடைத்துத் துடைத்து அது ஓரிடத்தில் மங்கியிருக்கிறது.

மென்பொருளில் ஒரு சங்கடம் உண்டு. நான் பயன்படுத்தும் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினிப் போர் விமான விளையாட்டில் கிடைப்பது மிக்-21 பிஸ் என்ற வேறு ரகம், எங்கள் பேச்சில் டைப் 75. உடல் எழுபத்தேழு, உயிர் எழுபத்தைந்து. எஞ்சினின் வலு வேறு, பலகையில் சில ஸ்விட்சுகள் வேறு. இல்லாத ஸ்விட்சுகளுக்காக அசல் பலகையில் துளையிட மனம் வரவில்லை. தொடையில் கட்டிக்கொள்ளும் சிறு பலகையில் அவற்றை வைத்தேன். அதில் காகசஸ் மலைகளின் மேல் பறக்கலாம். நம் ஊரின் மேல் பறக்க வழியில்லை. அதற்கு, இலவசமாகக் கிடைக்கும் பிளைட்கியர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். திருவனந்தபுரத்தில் எழும்பி, கரையை இடக்கைப் பக்கம் வைத்து விழிஞ்ஞம், குளச்சல், முட்டம் என்று போனால் ஐந்தாறு நிமிடத்தில் குமரிமுனை வந்துவிடும். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் அரைநாள் போகும் வழி. முனையில் இடதுபக்கம் சாய்ந்து திரும்பும்போது கேனோபி முழுவதும் கடலாக நிறைவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் என் தரையிறக்கங்கள் எல்லாமே கடினமாக இருந்தன. மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 இல் இந்த ரகத்தை ஓட்டி ஓய்வுபெற்ற விமானி ஒருவர் வந்தார். ஏறி உட்கார்ந்ததும் கண்களை மூடிக்கொண்டு, "சொல்லுங்கள்" என்றார். நான் ஒவ்வொரு ஸ்விட்சின் பெயராகச் சொல்ல, அவர் விரல் தவறாமல் போய்த் தொட்டது. முப்பது ஆண்டு இடைவெளி. பிறகு கண்ணைத் திறந்து, "அடிவானம் தாழ்ந்து இருக்கிறது, தம்பி. இருக்கையை நான்கு விரல் உயர்த்துங்கள்" என்றார். இருக்கைக்குக் கீழே நான் வைத்த தாங்கி உயரம் குறைந்துவிட்டிருந்தது. உயர்த்தி, மூன்று புரொஜெக்டர்களையும் கண்மட்டத்துக்குச் சரிசெய்தேன். அன்று மாலையே மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் சக்கரங்கள் மெதுவாகத் தொட்டன. ஏணியில் நின்றவனுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒன்று அது.

கண்களை மூடி உள்ளேயே படம் காட்டும் விஆர் கண்ணாடியும் வாங்கிப் பார்த்தேன். அசல் ஸ்விட்சை வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கட்டிக்கொள்வது எனக்குப் பொருந்தவில்லை. தங்கை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

மாதச் செலவு மின்சாரத்தோடு சேர்த்து 3,500 ரூபாய் ஆகிறது. மழை மாதங்களில் கூடும்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்களும் ஓய்வு பெற்றன. 1963 இல் வந்தவை. அறுபத்திரண்டு ஆண்டுகள். பறக்கும் சவப்பெட்டி என்று அதை எழுதுபவர்களின் கோபத்தை நான் மறுக்கவில்லை. நான் பட்டை கட்டி அனுப்பியவர்களில் ஒருவர் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பெயர், அதை நம்பி ஏறியவர்களையும் அதிகாலை மூன்று மணிக்குக் குளிரில் டார்ச் பிடித்து அதைத் தயார் செய்தவர்களையும் சேர்த்து மூடிவிடுகிறது. அன்று பகல் முழுவதும் கொட்டகையில் இருக்கையில் அமர்ந்து போனில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கவில்லை. ஊசிகளைப் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது வடகிழக்குப் பருவமழை. இன்று காலை துடைக்கும்போது இடப்பக்கக் காற்றுப் பாதையின் அடியில் மூன்று ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்தேன். சனிக்கிழமை தங்கை மகன் வருகிறான். அவன் உள்ளிருந்து தாங்கிப் பிடித்தால் துளையிட்டு எடுத்துவிடலாம்.