கெய்ரோவின் அபு தாரிக்: கொஷாரிக்கென்றே ஓர் உணவகம்

கெய்ரோ நகர மையத்தின் சாம்போலியன் தெருவில் பல மாடிகளோடு நிற்கும் அபு தாரிக் உணவகம், எகிப்தியரின் தேசிய உணவாகிய கொஷாரிக்கென்றே நடத்தப்படுவதால், அங்கு நாம் முடிவு செய்ய வேண்டியது கிண்ணத்தின் அளவை மட்டுமே.

சோறு, தோல் நீக்காத மசூர் பருப்பு, மக்ரோனி, சேமியா, கொண்டைக்கடலை ஆகியவற்றைச் சேர்த்து, தக்காளிக் குழம்பு ஊற்றி, மேலே மொறுமொறுப்பாகப் பொரித்த வெங்காயத்தைத் தூவுவதே கொஷாரி. மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்தாக அடுக்கப்படும் இச்சேர்க்கை திகட்டிவிடாமல் காப்பவை, உடன் வரும் இரண்டு சாறுகள்: பூண்டும் வினிகரும் சீரகமும் கலந்த தக்கா, மிளகாய்க் காரம் மிகுந்த ஷத்தா. தக்காவைத் தாராளமாகவே ஊற்றலாம். ஷத்தாவை, ஆந்திரக் காரத்துக்குப் பழகியவர்களும் சொட்டுச் சொட்டாகத் தொடங்குவது நல்லது.

என் கணிப்பில் இவ்வுணவின் உயிர் வெங்காயந்தான். அதைப் பொரித்த எண்ணெயிலேயே சோற்றையும் குழம்பையும் தாளிப்பது எகிப்திய வழக்கம் என்பதால், அதன் மணம் ஒவ்வொரு அடுக்கிலும் ஏறிவிடுகிறது. பார்சல் வாங்கினால் அது நமத்துப்போகும். ஆகவே அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும்.

இறைச்சியோ பாலோ முட்டையோ சேராத உணவு என்பதால், எகிப்தின் பழங்காலக் கிறித்தவ மரபினரான காப்டிக் கிறித்தவர்கள் நோன்பு நாள்களிலும் இதை உண்கின்றனர். (எகிப்துக்கு வந்த பிரித்தானியப் படையிலிருந்த இந்தியர்களின் கிச்சடியிலிருந்தே இது தோன்றியது என்று கருதுவோரும் உண்டு.) சைவ உணவினர் எகிப்தில் தயக்கமின்றிக் கேட்டு வாங்கக்கூடிய முழுச் சாப்பாடு இது, பெரும்பாலோருக்குச் சிறிய கிண்ணமே போதுமானது.