ஹாலோவீன் கைவேலை: பூசணியா, முகமூடியா, ஆயில் பேஸ்டலா?

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு உதவ வரும் பெற்றோரிடம் கேள்வி வந்துவிடும்: அக்டோபர் 31 அன்று பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்? மகளின் ஐந்தாம் வகுப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது ஆயில் பேஸ்டலும் (எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக் குச்சி) வாட்டர்கலரும் சேர்ந்த இரவுக் காட்சி. போட்டியில் இருந்தவை பூசணிக்கு வர்ணம் பூசுவதும், காகிதக் கீற்றுகளை ஒட்டிச் செய்யும் முகமூடியும். உள்ளங்கையை மையில் தோய்த்துப் பேய் உருவம் பதிப்பதை எல்லாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் அதை நீட்டினால், ‘இது கிண்டர்கார்டன் வேலை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

பூசணியைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பதுதான் மரபு. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு பூசணிக்கு மாறினார்கள். ஆனால் வகுப்பறையில் கத்தி ஆகாது. சரி, வர்ணம் பூசலாம் என்றால், பள்ளியில் இருக்கும், நீரில் கரையும் டெம்பரா பெயிண்ட் அந்த வழுவழுப்பான தோலில் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்கிறது. அக்ரிலிக் பிடிக்கும், சட்டையிலும் பிடிக்கும். ஆளுக்கொரு பூசணி வாங்கும் செலவு வேறு.

பார்க்க அழகு என்றால் முகமூடிதான், மறுக்க மாட்டேன். மூக்கு, கொம்பு, புடைத்த நெற்றி என்று இந்த வயதுப் பிள்ளைகள் புகுந்து விளையாடுவார்கள். சிக்கல் எல்லாம் காய்வதில் இருக்கிறது. மைதாவைக் கரைத்த பசையில் நனைத்து ஒட்டும் கீற்றுகள் ஓர் அடுக்கு காயவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மூன்று அடுக்காவது வேண்டும், அப்புறம் வர்ணம். ஓவிய வகுப்போ பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான். இருபது ஈர முகமூடிகளை அதுவரை எங்கே பரப்பி வைப்பது? சரியாகக் காயாவிட்டால் உள்பக்கம் பூஞ்சை வந்துவிடும். பலூன் மேல் ஒட்டலாம் என்றால், லேடக்ஸ் ஒவ்வாமை காரணமாகப் பல பள்ளிகளில் பலூனுக்கே அனுமதி இல்லை. இதை வீட்டில் மகளோடு மட்டும்தான் செய்திருக்கிறேன்; முழு வகுப்பைச் சமாளித்த ஆசிரியர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

ஆயில் பேஸ்டல் ஓவியம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளை பேஸ்டலால் நிலாவையும் மேகக் கீற்றுகளையும் அழுத்தி வரைய வேண்டும். அந்நேரம் ஒன்றுமே தெரியாது. மேலே வாட்டர்கலரை ஓட விட்டால், எண்ணெய்ப் பசை நீரைத் தள்ளிவிட, நிலா பளிச்சென்று எழும்பும். ‘அய்யோ, மேஜிக்!’ என்று கத்தாத பிள்ளை இல்லை. ஈரம் காயும் முன் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால், ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றி நிறத்தை உறிஞ்சி நட்சத்திரப் பூவாக விரியும். தெளிவாக வர, காய்ந்த பிறகுதான் உப்பைத் தட்டிவிட வேண்டும்.

நிறங்களில் மட்டும் கவனம். நிலாவைச் சுற்றி மஞ்சள், அதை ஒட்டி ஆரஞ்சு, பிறகு சிவப்பு, ஓரத்தில் ஊதா என்று போக வேண்டும். மஞ்சளும் ஊதாவும் நேராகச் சந்தித்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். ஜெராக்ஸ் தாள் சுருண்டுவிடும். கனமான வாட்டர்கலர் தாளில் காசு போடுங்கள்.

தாள் காயும் அந்த அரை மணி நேரம் வீணாவதும் இல்லை. ஓவியத்தின் மேல் ஒட்டுவதற்குக் கறுப்புத் தாளில் பேய்வீடு, இலையுதிர்ந்த மரம், வேலி என்று வெட்ட வைத்துவிடலாம். கிளை நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும் என்று சொன்னால் இந்த வயதில் கத்தரி அதற்குக் கட்டுப்படும். பேஸ்டல் மேல் பசைக்குச்சி ஒட்டாது என்பதால், வீடு வரும் இடத்தைத் தொடக்கத்திலேயே காலியாக விடச் சொல்ல வேண்டும்.

ஹாலோவீனைக் கொண்டாடாத குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. பேய்வீட்டுக்குப் பதில் ஆந்தையும் களஞ்சியமும் வெட்டினால், அதே தாள் வெறும் இலையுதிர்கால இரவாகிவிடும்.