பிக்கப்புக்கு எந்த டயர்: நைலானா, ரேடியலா, ரீட்ரெட்டா?

எங்கள் வண்டி பொலிரோ பிக்கப். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் கேரட், பீட்ரூட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதுதான் அதன் வேலை. வாரத்தில் இரண்டு நாள் திருப்பூர் வரை பைபாஸ் ஓட்டமும் உண்டு. மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் டயர் அரைபடும். கீழே வந்தால் வெயிலில் வேகும். டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான்.

முதலில் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரின் உடம்பில் புது மேல்ரப்பர் ஒட்டியது. புது டயர் விலையில் பாதிகூட ஆகாது என்பதால் பின்பக்கத்துக்கு இரண்டு போட்டிருந்தோம். ஒரு மே மாதப் பகலில், அவிநாசி தாண்டியதும் பின்னால் டப் டப் என்று அடிக்கும் சத்தம். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், வலது டயரின் மேல்ரப்பர் பாதி உரிந்து தொங்குகிறது, மட்கார்டு பிய்ந்துவிட்டது. காற்று மட்டும் அப்படியே இருந்தது. பக்கச் சுவரில் அழுக்கைத் துடைத்தபோது 1114 என்ற எண் தெரிந்தது. 2014-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். அவ்வளவு பழைய உடம்பின் மேல் புது ரப்பரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டியதில் குறையா, உடம்பில் குறையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த எண்ணைப் பார்க்காமல் விட்டது எங்கள் தப்பு, பார்த்தும் எடுத்துக்கொண்டது கடைக்காரர் தப்பு.

ரீட்ரெட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய லாரிகளின் ரேடியல் டயர் உடம்பு கனமானது, இரண்டாவது சுற்றையும் தாங்கும். பிக்கப் டயரின் உடம்பு அவ்வளவு கெட்டியில்லை, மிச்சமாகும் பணமும் சின்னது. உங்கள் கையாலேயே ஓட்டித் தேய்ந்த டயர், வயது நான்குக்குள், பஞ்சர் அதிகமில்லை என்றால் பின்பக்கம் போடலாம். முன்பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். முன் டயரில் ஏதாவது ஆனால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு ரீட்ரெட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்து நைலான். கல்குவாரி, செங்கல் சூளை, காட்டுத் தடம் என்று ஓடும் வண்டிக்கு இன்றைக்கும் இதற்கு மரியாதை உண்டு. நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் பக்கச் சுவர் தடிமன். கூர்ங்கல் உரசினாலும் ரேடியல் மாதிரி சட்டென்று கிழியாது. விலையும் குறைவு. ஆனால் ஓடும்போது அந்த அடுக்குகள் ஒன்றோடு ஒன்று தேய்ந்து சூடேறும். பைபாஸில் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

ரேடியலில் நூல் ஒரே திசையில் போகிறது, மேலே கம்பிப் பட்டை. அதனால் சூடு குறைவு, உருள்வது லேசு, டீசலும் கொஞ்சம் மிச்சம், தேய்மானமும் சீர். தார்ச் சாலைதான் உங்கள் ஓட்டம் என்றால் ரேடியலைத் தவிர வேறு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே அச்சில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று கலக்காதீர்கள்.

ட்யூப்பா, ட்யூப்லெஸ்ஸா? ஆணி ஏறினால் ட்யூப்லெஸ் மெதுவாக இறங்கும், ட்யூப் டக்கென்று இறங்கிவிடும். மலையில் இறங்கும்போது அந்த வித்தியாசம் பெரிது. ரிம் நெளியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். 215/75 ஆர் 15 அளவில் ஜீப் டயரும் வரும், பாரம் ஏற்றும் எல்.டி. (லைட் ட்ரக்) டயரும் வரும். ரிம்மில் இரண்டும் உட்காரும், கண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போன முறை கடையில், "இதுவும் அதே சைசுதானுங்க, ஐந்நூறு ரூவா கம்மி" என்று ஜீப் டயரைத்தான் எடுத்து வைத்தார்கள். பக்கச் சுவரைப் பார்த்தேன். அளவுக்குப் பின்னால் 100 என்று இருந்தது. அந்தக் குறியீட்டுக்கு ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். எல்.டி. 8 பி.ஆர். (ப்ளை ரேட்டிங், டயரின் பலத்தைக் காட்டும் எண்) டயரில் 106 என்று இருக்கும். அது 950 கிலோ. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 300 கிலோ வித்தியாசம், அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஆறு. காற்றும் அப்படித்தான். எல்.டி. டயருக்கு 65 பி.எஸ்.ஐ. வரை பிடிக்கலாம், ஜீப் டயர் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை. ஐந்நூறு ரூபாய்க்காக இந்த ஜீப் டயரில் பாரம் ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டுமா?

கம்பெனி எது என்று கேட்பவர்களுக்கு: எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, ஜே.கே., சியட் எல்லாமே நல்ல எல்.டி. ரேடியல் தருகின்றன. உங்கள் ஊரில் எதற்கு வாரண்டி பேசித் தீர்க்கும் டீலர் இருக்கிறாரோ, எது ஆறு மாதத்துக்குள் தயாரானதாகக் கிடைக்கிறதோ, அதை எடுங்கள்.

இரண்டு மட்டும் வாங்க முடிந்தால் எங்கே போடுவது? டிரைவர்கள் முன்னால் என்பார்கள், டயர் நிறுவனங்கள் பின்னால் என்கின்றன. காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு. மழையில் வழுக்கினால் முதலில் பின்பக்கம்தான் விலகும், அதனால் நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் புதுசைப் பின்னால் போட்டேன். ஆனால் முன்னால் இருப்பதில் பட்டன் (மேல்ரப்பர் கட்டைகளின் உயரம்) குறைந்தது மூன்று மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு வரை, அதாவது 1.6 மில்லிமீட்டர் வரை தேயவிட்டால் மழைத் தண்ணீர் வெளியேற வழியிருக்காது.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். காற்று குறைந்தால் சுவர் அதிகம் மடங்கும், சூடும் அதிகமாகும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி பிடியுங்கள். பாரம் ஏற்றினால் ஓர் அளவு, காலியாக ஓடினால் ஓர் அளவு என்று அதிலேயே போட்டிருக்கும். அப்புறம், ஸ்டெப்னியையும் ஒரு தடவை கழற்றி அந்த நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். எங்களுடையதில் 2016 என்று இருந்தது, அதாவது 2016-ஆம் ஆண்டின் 20-ஆவது வாரம்; அதையும் மாற்றிவிட்டோம்.