டென்காராவா, ரீல் கோலா: மலையோடை ட்ரௌட்டுக்கு எது தோது?

ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனைத் தேடி மலையோடைக்கு முதல் தடவை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் "எந்த ஃப்ளை கட்டிக்கொண்டு போகட்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப் பூச்சி. அந்தக் கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். உயரத்தில் ஓடும் குளிர்ந்த நீரில் இரை குறைவு. வேகமான நீரோட்டத்தில் ஒரு பூச்சி மிதந்து வந்தால், அதை விழுங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மீனுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடி. பூச்சி போலத் தெரிந்து, நீரோடு இயல்பாக மிதந்து வந்தாலே போதும், பாய்ந்துவிடும். அந்த "இயல்பாக மிதந்து" என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது ஃப்ளை அல்ல, கோலும் நரம்பும் (தூண்டில் கயிறு).

கையில் எடுக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, ரீல் (கயிற்றைச் சுற்றி வைக்கும் உருளை) வைத்த வழக்கமான ஃப்ளை கோல். சிற்றோடைக்கு ஏழு, எட்டு அடி நீளம், 3-வெயிட் லைன். லைன் என்பது இந்தக் கோலின் தடித்த நரம்பு; வெயிட் எண் கூடினால் அதன் கனம் கூடும். இன்னொன்று ஜப்பானின் டென்காரா. இதில் ரீலே கிடையாது. 3.3 முதல் 4.5 மீட்டர் வரை நீளும் மடக்குக் கோல், அதன் நுனியில் இருக்கும் சின்னப் பின்னல் கயிற்றில் நேரே கட்டிய நரம்பு, அதன் முனையில் ஒரு மீட்டர் டிப்பெட் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கடைசி இழை), அப்புறம் ஃப்ளை. அவ்வளவுதான். இவானா, யாமமே, அமாகோ என்ற மலை மீன்களைப் பிடித்து விற்று வாழ்ந்த ஜப்பானிய மலைவாசிகளின் முறை இது. 2009-இல் டென்காரா யூஎஸ்ஏ நிறுவனம் தொடங்கிய பிறகுதான் அமெரிக்காவில் பலருக்கும் தெரியவந்தது.

ஒரு பாறைக்குப் பின்னால் இருக்கும் தணிந்த நீரை நினைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஒரு முறம் அளவுதான். மீன் அங்கேதான் நிற்கிறது. உங்களுக்கும் அதற்கும் நடுவில் மூன்று நீரோட்டங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகம். ரீல் கோலால் வீசினால் ஃப்ளை சரியான இடத்தில்தான் விழும். ஆனால் தடித்த லைன் அந்த மூன்று ஓட்டங்களின் மேல் படுத்துவிடும். நடு ஓட்டம் லைனை இழுக்கும், லைன் ஃப்ளையை இழுக்கும். ஃப்ளை நீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது என்று மீனுக்குத் தெரியும். லைனைத் தூக்கி மேலோட்டப் பக்கம் புரட்டிப் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் முறம் அளவு நீரில் அந்தப் புரட்டலுக்குள் ஃப்ளை தாண்டிப் போய்விடும்.

டென்காராவில் கோலை உயர்த்திப் பிடித்தால் நரம்பு முழுவதும் காற்றில் நிற்கிறது. நீரைத் தொடுவது டிப்பெட்டின் கடைசி ஒரு சாண் மட்டுமே. ஃப்ளை அந்தத் தணிந்த நீரில் நான்கு, ஐந்து விநாடி அப்படியே நிற்கும். இதை முதல் முறை செய்து பார்த்த அன்று, காலையிலிருந்து மூன்று முறை திரும்பிப் போன ஒரு மீன் நான்காவது முறை தயங்காமல் மேலே வந்தது. அதே ஃப்ளைதான். அன்றிலிருந்து பாறைகள் நிறைந்த ஓடை என்றால் யோசிக்காமல் டென்காராவைத்தான் எடுக்கிறேன்.

வீசுவதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஃப்ளைக்கு எடை கிடையாது, ஃப்ளையை எடுத்துப் போவது லைனின் எடை. சிற்றோடையில் நாம் வீசுவதே ஐந்தாறு மீட்டர்தான். அந்தத் தூரத்தில் ரீல் கோலின் நுனிக்கு வெளியே லைன் கொஞ்சம்தான் இருக்கும். அதற்குக் கோல் வளையாது, வீச்சில் உயிர் இருக்காது. அதனால்தான் பலர் 3-வெயிட் கோலில் 4-வெயிட் லைனைப் போட்டுக்கொள்கிறார்கள். அல்லது மெதுவாக வளைகிற கண்ணாடியிழைக் கோலைத் தேடிப் போகிறார்கள்.

இதுவரை படித்தால் டென்காராவே ஜெயித்த மாதிரி இருக்கும். அப்படி இல்லை.

ஏனென்று புரிய, நாம் தேடும் சுதேசி ட்ரௌட், அதாவது அந்தந்த மலைக்கே உரிய இனம், இன்று எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழ்நீரில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் நிறைந்துவிட்டன. அவை இரைக்குப் போட்டியிடும், சில நேரம் சுதேசி மீனோடு கலந்து அதன் இனத்தையே கரைத்துவிடும். அதனால் அசல் இனம் அருவிக்கு மேலே, பிற மீன் ஏற முடியாத தலையோடைகளில் (ஆறு தொடங்கும் சிற்றோடைகளில்) ஒதுங்கிக் கிடக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் வாழும் கிரீன்பேக் கட்த்ரோட் என்ற ட்ரௌட்டின் கதை தெரிந்திருக்கலாம். 1930-களில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட மீன். பிறகு சில ஓடைகளில் இருப்பதாக நம்பினார்கள். 2012-இல் வந்த மரபணு ஆய்வு, கலப்பில்லாத கிரீன்பேக் பேர் க்ரீக் என்ற ஒரே ஓடையில்தான் இருக்கிறது என்றது. அரிசோனாவின் அப்பாச்சி ட்ரௌட், அந்நிய மீன் ஏறாதபடி ஓடைகளில் தடுப்பு கட்டியெல்லாம் காப்பாற்றப்பட்டு, 2024-இல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது. ஒரு மீனுக்காக அரை நூற்றாண்டு உழைத்திருக்கிறார்கள்.

ஆக, நாம் தேடிப் போவது குறுகலான தலையோடை. அதிலும் இரண்டு ஜாதி. கலிபோர்னியாவின் தங்க ட்ரௌட் வாழும் கெர்ன் பகுதிப் புல்வெளி ஓடைகள் திறந்தவை: தலைக்கு மேலே வானம், இரண்டு பக்கமும் புல். அங்கே கரையோரம் போய் நின்றால் நிழல் பட்டே மீன் ஓடிவிடும். நீளக் கோலோடு சற்றுத் தள்ளி மண்டியிட்டு, புல்லுக்கு மேலாக ஃப்ளையை மட்டும் இறக்க வேண்டும். டென்காராவுக்கென்றே படைத்த இடம்.

கிழக்கு அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியா மலைகளில் உள்ள புரூக் ட்ரௌட் ஓடைகள் நேர் எதிர். (அறிவியல்படி அது 'சார்' என்ற உறவினக் குடும்ப மீன், பெயரில்தான் ட்ரௌட்.) ரோடோடென்ட்ரான் புதர் இரு கரையிலிருந்தும் கவிந்து குகை போல மூடியிருக்கும். நான்கு மீட்டர் கோலை அதற்குள் உயர்த்தவே முடியாது. குனிந்து போய், ஃப்ளையை முள்ளின் வளைவில் இரு விரலால் பிடித்து, கோல் நுனி வில்லாக வளையும் வரை இழுத்து விட வேண்டும். அம்பு மாதிரி கிளைகளுக்குக் கீழே பாயும். இதற்கு ஆறேழு அடி ரீல் கோல்தான் தோது. இடத்துக்கு ஏற்ப லைனைக் கூட்டலாம், குறைக்கலாம். டென்காராவில் கட்டிய நீளம் கட்டியதுதான், மாற்ற வேண்டுமென்றால் நின்று முடிச்சவிழ்க்க வேண்டும்.

ஆனால் புதருக்குள் நடப்பது வேறு கதை. டென்காராவை நொடியில் அரை மீட்டராக மடக்கி, நரம்பைச் சுருளில் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் பாறையைப் பிடித்து ஏறலாம். லைன் கோத்த ரீல் கோலோ ஒவ்வொரு கிளையிலும் நின்று நின்றுதான் வரும்.

மடக்கும்போது கவனம் தேவை. கோல் நுனியின் கடைசி இரண்டு துண்டுகள் ஊசி மாதிரி மெலிசு. கிளையில் சிக்கிய ஃப்ளையைக் கோலாலேயே உலுக்கி எடுக்கப் பார்த்து ஒரு நுனியை உடைத்திருக்கிறேன். கோலை மடக்கி, நரம்பைக் கையில் பிடித்து இழுங்கள். டிப்பெட்டும் 5எக்ஸைவிடத் தடிமனாக வேண்டாம் (எக்ஸ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்). அறுந்தால் டிப்பெட் அறுகிறது, கோல் பிழைக்கும்.

மீனைக் கரை சேர்ப்பதில் எனக்கு டென்காரா பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. நரம்பும் டிப்பெட்டும் சேர்ந்து கோலின் நீளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நரம்பைக் கையால் பிடித்து இழுக்க வேண்டிவரும், மீன் கல்லில் அடிபடும். அளவாகக் கட்டினால் கோலைப் பின்னால் சாய்த்ததும் மீன் நேரே ஈரக் கைக்கு வந்துவிடும். இந்த ஓடைகளில் ஒரு சாண் மீனே நல்ல மீன். பெரிய மீன் ஓடினால்தான் சிக்கல். விட்டுக்கொடுக்க லைன் இல்லை, நாம்தான் பின்னால் ஓட வேண்டும்.

எந்தக் கோலானாலும் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் (மீன் நழுவாமல் பிடிக்கும் குட்டி முனையை) குறடால் நசுக்கிவிடுங்கள். நீர் 20 டிகிரி செல்சியஸை எட்டினால் தூண்டிலைப் போடாதீர்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன், நீந்திப் போனாலும் பிறகு செத்துப்போகலாம்.

காற்று பலமாக அடித்தாலோ, ஓடை ஏரியில் போய் விழும் இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் வீச வேண்டியிருந்தாலோ டென்காராவைப் பையில் வைத்துவிடலாம், ரீல் கோலுக்குத்தான் வேலை. இரண்டையும் சுமக்க முடியாத நாளில் நான் வரைபடத்தைப் பார்க்கிறேன். மரக்கோட்டுக்கு (மரம் வளரும் உயர எல்லைக்கு) மேலே இருக்கும் ஓடை என்றால் டென்காரா, அடர்காட்டுக்குள் ஓடினால் குட்டை ரீல் கோல்.