எம்.எஸ்சி. நர்சிங்கா, எம்.பி.எச்.சா?

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பொதுச் சுகாதாரம் பக்கம் போக நினைப்பவர்கள் முன் இரண்டு வழிகள் உண்டு: சமூக சுகாதாரச் செவிலியத்தில் (Community Health Nursing) எம்.எஸ்சி., அல்லது எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் (Master of Public Health). இரண்டுக்கும் 2 ஆண்டுகள்தான்.

சமூக சுகாதாரச் செவிலியத்தில் எம்.எஸ்சி. சேர, பதிவு பெற்ற செவிலியராக ஓராண்டு அனுபவமும் வேண்டும். படிப்பில் பாதி உயிர் களப்பணியில் இருக்கிறது: தோளில் பையுடன் வீடு வீடாகப் போவது, செய்தித்தாள் விரித்து அதன்மேல் பையை வைப்பது, கை கழுவிய பிறகே பொருளை எடுப்பது, கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது. நர்சிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் இரண்டில் இதுதான் வழி. எம்.பி.எச். பட்டம் அங்கே செல்லாது.

எம்.பி.எச். வகுப்பில் பக்கத்தில் டாக்டர் இருப்பார், பல் மருத்துவர் இருப்பார், சமூகவியல் படித்தவரும் இருக்கலாம். ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவினால், எம்.பி.எச். மாணவர் நோயாளிகளின் பெயர், வயது, வீடு, நோய் தொடங்கிய நாள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, எந்தக் குடிநீர்க் குழாயில் கோளாறு என்று தேடுவார். பாடங்கள் கொள்ளைநோயியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராய்வது), புள்ளியியல், திட்ட மேலாண்மை என்று போகும். கணக்கு என்றாலே ஓடுபவர்கள் யோசிக்கவும். தொண்டு நிறுவனங்கள், நோய்க் கண்காணிப்புத் திட்டங்கள் பக்கம் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான்.

என்னைக் கேட்டால், கற்பிக்கும் ஆசை கொஞ்சமாவது இருந்தால் எம்.எஸ்சி. படியுங்கள். நோயாளியை விட்டுத் தள்ளி நின்று, மாவட்டம் முழுவதையும் பார்க்கப் பிடிக்குமென்றால் எம்.பி.எச். படியுங்கள். அரசுப் பணிதான் குறி என்றால், சேருமுன் அந்தப் பணியின் விளம்பரத்தில் தகுதி என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.