"ஒரே நாளில் பாஸ்பேட் ஜீரோ" என்று சொல்பவரிடம் தொட்டியைக் கொடுக்காதீர்கள்

காலை ஐந்தரைக்கு அம்மா வந்து எழுப்பினார். "ஏம்மா, அந்த நீல மீன் கீழ படுத்துக் கெடக்குது, வந்து பாரு." பவுடர் ப்ளூ டேங். மூன்று வருடமாக என் கையிலிருந்து நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) தின்ற மீன். நான் போய்ப் பார்த்தபோது செவுள் விரிந்தபடி மணலில் கிடந்தது, உயிர் இல்லை. முந்தின நாள் மாலைதான் ஒரு மெயின்டனன்ஸ்காரர் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு "பாஸ்பேட்டை இறக்கிவிட்டு" போயிருந்தார். பாஸ்பேட் என்பது மீன் தீனியிலிருந்து தண்ணீரில் சேர்ந்து பாசியை வளர்க்கும் சத்து. சென்னையில் ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவரும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே வேலை தேடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஐந்தடித் தொட்டி, சம்ப்போடு (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) சேர்த்துச் சுமார் 500 லிட்டர். லெதர், ஜோவான்தஸ், மஷ்ரூம் என்று சாஃப்ட் கோரல் (மென்பவளம்) மட்டும்தான். நாலு மாதமாகக் கல்லெல்லாம் முடிப்பாசி. கிட்டில் பார்த்தால் பாஸ்பேட் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் நின்றது. 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். தண்ணீர் மாற்றினேன், தீனியைக் குறைத்தேன், அப்படியும் இறங்கவில்லை. பொறுமை போய்விட்டது. அந்த நேரத்தில்தான் "ஒரே நாளில் பாஸ்பேட் ஜீரோ" என்ற அவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது.

வந்தவர் முதலில் தன் மீட்டரை எடுத்து அளந்தார். "பாருங்க மேடம், 160! தொட்டி முழுக்க விஷம்" என்றார். பயந்துவிட்டேன். பிறகு லேபிள் இல்லாத ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, மூடியால் அளந்து அளந்து நேராக மீன் இருக்கும் டிஸ்ப்ளே தொட்டியிலேயே ஊற்றினார். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. "அது அப்படித்தான் மேடம், ராத்திரிக்குள்ள தெளிஞ்சிடும்." மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளந்து "0.039, முடிஞ்சுது" என்றார். பில் கேட்டேன். "நம்மகிட்ட பில் எல்லாம் கிடையாது மேடம்" என்று கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டு எண்களில்தான் முதல் ஏமாற்று. அவர் வைத்திருந்தது ஹன்னா கம்பெனியின் செக்கர் மீட்டர்களில் பாஸ்பரஸ் அளக்கும் மாடல். அது பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் இத்தனை பங்கு) கணக்கில் காட்டும். பாஸ்பேட் வேண்டுமென்றால் வந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 160 என்றால் 0.49 பிபிஎம், அதாவது என் கிட் ஏற்கெனவே சொன்னதுதான். பயமுறுத்தும்போது 160 என்று முழு எண்ணாகச் சொன்னவர், வேலை முடிந்ததும் 39 என்று வந்ததை 0.039 ஆக்கி அதையே பாஸ்பேட் என்றார். உண்மையில் அப்போது இருந்தது 0.12. அன்றைக்கே கையில் எண்களோடு கணக்குப் போட்டிருந்தால் பேச்சிலேயே பிடித்திருப்பேன்.

மறுநாள் போனில் விடாமல் கேட்டபிறகு ஒப்புக்கொண்டார். "லாந்தனம் தான் மேடம், நீச்சல் குளத்துக்குப் போடுறது. எல்லாரும் போடுறாங்க."

லாந்தனம் குளோரைடை ரீஃப் டேங்க்காரர்கள் பயன்படுத்துவது உண்மைதான். அது பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் தூளாகிறது. அந்தத் தூளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதுதான் வேலையே. தெரிந்தவர்கள் அதை ஆர்ஓ தண்ணீரில் நிறைய நீர்த்து, சம்ப்பில் 10 மைக்ரான் அல்லது அதைவிடச் சன்னமான ஃபில்டர் பைக்குள் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மிச்சத்தை ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) பிடிக்கும். மீன் நீந்துகிற இடத்திலேயே ஊற்றினால் அந்தத் தூள் அதன் செவுளுக்குத்தான் போகும். டேங் வகை மீன்கள் இதைத் தாங்குவதில்லை என்பது இந்தப் பழக்கத்தில் பலர் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். காசு வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

லெதர் ஐந்து வாரம் சுருங்கியே கிடந்தது. ஜோவான்தஸில் பாதி திறக்கவே இல்லை.

இத்தனைக்கும் பாஸ்பேட் போகவும் இல்லை. ஒன்பதாம் நாள் 0.33. கல்லும் மணலும் சுண்ணாம்பு. மூன்று வருடத் தீனியின் பாஸ்பேட் அதில் ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் குறைந்தால் கல் தன்னிடம் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்ற பேச்சே அதனால்தான் பொய். அப்படியே நிஜமாக ஜீரோ ஆக்கினாலும் நல்லதல்ல, பவளத்துக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வற்றிய தொட்டியில் பழுப்புச் சளி மாதிரி டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர் பிடித்துக்கொண்டால், முடிப்பாசியே தேவலை என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக் குடிநீர் ஆர்ஓ மெஷினிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். குடிக்க ருசியாக இருக்க வேண்டுமென்று அதில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) கன்ட்ரோலர் வைத்துக் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள். டிடிஎஸ் மீட்டரில் 80 காட்டியது. ரீஃபுக்கு டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) தாண்டி வந்த, ஜீரோ காட்டுகிற தண்ணீர் வேண்டும். இப்போது தனியாக ஆர்ஓ-டிஐ போட்டுவிட்டேன். உறைந்த மைசிஸை (குட்டி இறால் மாதிரியான தீனி) வடிகட்டியில் அலசி, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுகிறேன். ரியாக்டரில் (தண்ணீர் ஓடிப் போகும் ஃபில்டர் குழாய்) பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைச் சொன்ன அளவில் பாதி போட்டு, வாரம் ஒருமுறை அளக்கிறேன். மூன்று மாதத்தில் 0.14 வரை வந்திருக்கிறது. முடிப்பாசி தானாகவே வெளுத்து உதிர்கிறது.

சொல்ல விட்டுவிட்டேன்: போகும்போது அவர் "ஸ்டோனி கோரல் வேணும்னா சொல்லுங்க மேடம், நம்மகிட்ட இருக்கு" என்றும் சொன்னார். கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வாங்கினாலும் வைத்திருந்தாலும் மாட்டுவது நாம்தான். அதைக் கேட்டபோதே வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தரவில்லை, இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். விளம்பரம் மட்டும் அதே வாசகத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு யாராவது லேபிள் இல்லாத பாட்டிலோடு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரை மூடியைத் திறக்க விடாதீர்கள்.