டிரெய்லருக்கு ஒரு டூல் பாக்ஸ்: எந்தத் தகடு, எந்த வெல்டிங், எந்த மூடி?

நான் செய்த முதல் டூல் பாக்ஸ் 3 மி.மீ. இரும்புத் தகட்டில். தகடு தடியாக இருந்தால் வெல்டிங் சுலபம், பெட்டியும் ஆயுசுக்கும் உழைக்கும் என்பது என் கணக்கு. வேலை முடிந்து டிரெய்லரில் ஏற்ற இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அத்தனை எடைக்கும் மூடி மட்டும் நெளிந்துபோய், ஒரு மூலையில் விரல் நுழைகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. முதல் மழையிலேயே ஸ்பேனரெல்லாம் துரு.

அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டாவதைச் செய்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வழி சரி என்று உட்கார்ந்து யோசித்தேன்.

எடைக் கணக்கு

பெட்டியின் அளவு 1170 மி.மீ. நீளம், 450 அகலம், 450 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1170 என்ற விசித்திர எண் ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆறு பக்கமும் சேர்த்தால் சுமார் 2.5 சதுர மீட்டர். இரும்புத் தகடு 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ வரும். ஆக, 1.6 மி.மீ. தகட்டில் செய்தால் காலிப் பெட்டி 31 கிலோ, 2 மி.மீ. என்றால் 39, 3 மி.மீ. என்றால் 59. கீல், மடிப்பு, ஆங்கிள் எல்லாம் இதற்கு மேல்.

இந்த எடை எங்கே போய் உட்காருகிறது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. டூல் பாக்ஸை வழக்கமாக டிரெய்லரின் மூக்கில், கப்ளிங்குக்கும் (இழுக்கிற வண்டியின் கொக்கியில் மாட்டும் முனை) பாடிக்கும் நடுவில் வைப்போம். கப்ளிங்கிலிருந்து அச்சு 3 மீட்டர் தள்ளி, பெட்டியின் நடுப்பகுதி 1 மீட்டர் தள்ளி இருந்தால், பெட்டி எடையில் மூன்றில் இரண்டு பங்கு இழுக்கிற வண்டியின் கொக்கியில்தான் இறங்கும். 60 கிலோ சாமான் வைத்தால் 2 மி.மீ. பெட்டியோடு கொக்கியில் 66 கிலோ, 3 மி.மீ. பெட்டியோடு 79 கிலோ. கொக்கிக்கு இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு வரம்பு இருக்கும். அதில் 13 கிலோவை வெறும் தகட்டுக்குக் கொடுப்பது வீண்.

சரி, 1.6 போதுமா? சாமான் கொஞ்சம் என்றால் போதும். எனக்குத் தரை தொய்ந்துவிடும் என்ற பயம். ஜாக்கியைத் தூக்கிப் போடுகிற கை என்னுடையது. அதனால் 2 மி.மீ.

அலுமினியமும் ஜி.ஐ.யும்

அலுமினியக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 3 மி.மீ. அலுமினியத் தகடு, விறைப்பில் 2 மி.மீ. இரும்பை லேசாக மிஞ்சும். எடையோ ஏறக்குறைய பாதி. இதே பெட்டி 20 கிலோவில் முடிந்துவிடும், துருவும் பிடிக்காது. ஆனால் அதை ஒட்ட ஏ.சி. வசதியுள்ள டிக் வெல்டிங் மெஷினும் சுத்த ஆர்கான் வாயுவும் பழகின கையும் வேண்டும். டிரெய்லரின் ஓயாத அதிர்வில் அலுமினிய வெல்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடுவது சகஜம். விட்டால் வழியில் கிடைக்கிற வெல்டிங் பட்டறையில் ஒட்டவும் முடியாது. இரும்புச் சட்டத்தில் நேராகப் போல்ட் போட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும் என்பதால் நடுவில் ரப்பர் பட்டையும் கொடுக்க வேண்டும். காசும் கையும் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு இரண்டும் இல்லை.

ஜி.ஐ. ஷீட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ 1500 டிகிரி அளவுக்கு வேண்டும். ஆக, வெல்டு போடுகிற இடத்தில் பூச்சு வெண்புகையாகப் போய்விடும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டலாம், ஆனால் துரு முதலில் பிடிக்கிற இடமே வெல்டு ஓரம்தான். அங்கேயே பூச்சு இல்லை என்றால் ஜி.ஐ. எதற்கு?

ஆங்கிள் சட்டமா, மடிப்பா?

என் முதல் பெட்டி ஆங்கிள் சட்டம் அடித்து, ஆறு தகட்டை வெட்டி ஒட்டியது. கிரைண்டரும் மூலைமட்டமும் இருந்தால் யாரும் செய்யலாம். ஆனால் பன்னிரண்டு விளிம்பிலும் வெல்டு. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தகட்டை இழுக்கும். மூடியின் நான்கு பக்கமும் ஒரே ஓட்டமாக ஓட்டினேன். அது அப்பளம் மாதிரி சுருட்டிக்கொண்டது.

இரண்டாவதற்கு, அளவெழுதிய காகிதத்தோடு பெண்டிங் மெஷின் இருக்கிற இடத்துக்குப் போனேன். முன்பக்கம், தரை, பின்பக்கம் மூன்றும் ஒரே தகடு, இரண்டு மடிப்பு. மேல் விளிம்பில் உள்பக்கமாக 20 மி.மீ. மடிப்பு. பக்கவாட்டில் ஓரம் மடித்த இரண்டு மூடித் தகடுகள். மேல் மூடிக்குச் சுற்றிலும் 30 மி.மீ. கீழ்நோக்கி மடிப்பு. இப்போது அந்த 1170-க்கு வருகிறேன். 1200 நீளம் வைத்தால் மடிப்பும் கொஞ்சம் தளர்வும் சேர்த்து மேல் மூடி 1266 வந்துவிடும், 1250 அகலத் தகட்டில் வெட்ட முடியாது. 1170 என்றால் மூடி 1236. உடம்புக்கு 1390, மூடிக்கு 516, அருகருகே வெட்டும் இரண்டு பக்கத் தகடுகளுக்கு 490, கூட்டினால் 2396. ஒரே 2500-க்கு 1250 தகட்டில் பெட்டி முழுவதும் அடங்கிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் யாருக்கும் என் சந்தோஷம் புரியவில்லை.

மடித்த மூடிக்கு வெல்டு வேண்டியது நான்கு மூலையில் 30 மி.மீ. வீதம் மட்டும்தான். நெளிய வழியே இல்லை. மடித்த விளிம்பு தரும் விறைப்பில், 2 மி.மீ. மூடி என் பழைய 3 மி.மீ. மூடியைவிட அசையாமல் நிற்கிறது.

ராடா, மிக்கா?

2 மி.மீ. தகட்டில் ராடு, அதாவது கையால் பிடித்து ஓட்டும் வெல்டிங் குச்சி, ஓட்டலாம். 2 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. 6013 ரக ராடு, ஆம்பியரைக் குறைத்து, கையை வேகமாக நகர்த்தினால் ஓட்டை விழாது. சொல்வது சுலபம். கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மிக் மெஷின் இருந்தால் 0.8 மி.மீ. கம்பியில் நிம்மதியாக முடிக்கலாம். எதுவானாலும் முதலில் எல்லா இடத்திலும் டேக் (பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டு), அப்புறம் 25 மி.மீ. வெல்டு, 75 மி.மீ. இடைவெளி, ஒரு மூலையில் போட்டால் அடுத்தது எதிர் மூலையில். இடைவெளியைப் பெயிண்டுக்கு முன் சீலன்ட் வைத்து அடைத்துவிடலாம்.

கீலில் பியானோ கீல் பார்க்க அழகு, சுமையைப் பரப்பும். ஆனால் நீளம் முழுக்க மண் சேர்ந்து இறுகிவிடும். நான் ஒட்டுகிற உருளைக் கீல் மூன்று போட்டேன். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால்தான் மூடி திறக்கும். ஆங்கிள் துண்டின் குழிவில் மூன்றையும் வரிசையாகக் கிடத்தி டேக் போட்டால் கோடு தவறாது.

ஒட்டுவதா, போல்ட் போடுவதா?

போல்ட். டிரெய்லர் மூக்கின் சட்டத்தில் குறுக்கே ஒரு வெல்டு போட்டால், நாளடைவில் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். குறுக்கே இரண்டு ஆங்கிளை யூ போல்டில் பிடித்து, அதன்மேல் பெட்டியை 10 மி.மீ. போல்ட் நான்கு, அகல வாஷர், அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட் போட்டு இறுக்கினேன். அடியில் காற்று புகும், சேறு தங்காது. துளை போடுவதற்கு முன் அதே அளவில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து வண்டியை முழுசாக ஒடித்துத் திருப்பிப் பாருங்கள். பம்பர் மூலை அட்டையை நசுக்கினால் நஷ்டம் இல்லை.

பவுடர் கோட்டிங் பளபளப்பில் மயங்கி முதல் பெட்டிக்கு அதைத்தான் கொடுத்தேன். உள்மூலைகளில் பவுடர் சரியாக ஏறவில்லை. முன்பக்கம் வண்டிச் சக்கரம் வீசிய கல் பட்டுச் சில்லு போனது. அதன் அடியில் துரு ஊர்ந்து பூச்சைத் தோல் மாதிரி உரித்துவிட்டது. திட்டுத் திட்டாக ஒட்டுப்போடவும் முடியவில்லை. இந்தத் தடவை ஜிங்க் பிரைமர், மேலே சாதா எனாமல், கல் படும் முகத்தில் ஒரு ரப்பர் ஷீட், தரையின் நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை. மிஞ்சிய பெயிண்ட் கால் டப்பா, ஒரு பிரஷ்ஷோடு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.